வண்டி ஓட்டிட்டுதான் இருக்கேன், பரவால்ல சொல்லுங்க

நம்ம பக்கம் ஒரு கல்யாண வீட்டுல எவனாச்சும் தண்ணியப் போட்டுட்டு வண்டி சாவிய எடுத்தான்னா அதப் புடுங்க நாலு பேர் ஓடி வருவாங்க. மாமன் மச்சான், மண்டபத்து வாட்ச்மேன், ஏன் பந்தியில உக்காந்திருக்கற பெரியவங்க கூட எந்திரிச்சு வந்து "அவன விடாதீங்கப்பா, யாராச்சும் கொண்டுபோயி விட்டுட்டு வாங்க"ன்னு சத்தம் போடுவாங்க. அதே ஆளு தண்ணியே தொடாம, போன தோள்பட்டையில இடுக்கிக்கிட்டே வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பினான்னா யாரும் ஒரு வார்த்தை சொல்றதில்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல நாம வெச்சிருக்கற வித்தியாசம் நியாயந்தானான்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

எங்களுக்கு சங்ககிரியில லாரி ஆபீஸ். அப்பா ஆரம்பிச்சது, இப்ப தம்பியும் நானும் பாத்துக்கறோம். வண்டி, டயரு, எஃப்.சி (வண்டிக்கு வாங்கற தகுதிச் சான்று) எல்லாம் தம்பி, போன் எடுக்கறது, டிரைவருங்களக் கூப்பிட்டு விசாரிக்கறது, பார்ட்டிக்கு, அதாவது சரக்கு அனுப்பறவங்களுக்கும் வாங்கறவங்களுக்கும், பதில் சொல்றது எல்லாம் என் டேபிள். அதனால வண்டி ஓட்டறப்ப போன் பேசறதுங்கறது எனக்கு பேப்பர்ல படிச்சிட்டு மடிச்சு வெக்கற சமாச்சாரம் இல்ல. அந்த போனோட இன்னொரு முனையில நாள் பூரா உக்காந்திருக்கறது என்ன மாதிரி ஆளுங்கதான்.

"போன் பேசிட்டு ஓட்டறதும் குடிச்சிட்டு ஓட்டறதும் ஒண்ணுதான்"னு வாட்ஸப்ல அப்பப்ப ஒரு ஃபார்வர்ட் வரும். சும்மா பயமுறுத்த எழுதினதா, இல்ல யாராச்சும் நெசமாவே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அளந்து பாத்தாங்களான்னு தேடிப் பாத்தேன். அளந்திருக்காங்க. அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துல டேவிட் ஸ்ட்ரேயர்னு ஒரு உளவியல் பேராசிரியர், அவரோட ஃபிராங்க் ட்ரூஸ், டென்னிஸ் க்ரௌச்னு ரெண்டு பேர், மூணு பேருமா சேந்து 2006ல வெளியிட்ட ஆராய்ச்சி அது.

அவங்க செஞ்சது இதுதான். 40 பேரக் கூப்பிட்டு, நெஜ வண்டி மாதிரியே ஸ்டியரிங் பிரேக்கெல்லாம் இருக்கற சிமுலேட்டர்ல உக்கார வெச்சு, முன்னாடி போற ஒரு காரு பின்னாடியே ஹைவேயில போகச் சொன்னாங்க. முன்னாடி காரு அப்பப்ப பிரேக் போடும், இவங்களும் போடணும், அப்பறம் திரும்ப வேகம் எடுக்கணும், அவ்வளவுதான் வேலை. இதே ஆளுங்களையே நாலு விதமா ஓட்ட விட்டாங்க: ஒரு தடவை சும்மா, ஒரு தடவை போனக் கையில பிடிச்சுப் பேசிக்கிட்டு, ஒரு தடவை ஹேண்ட்ஸ் ஃப்ரீல, அதாவது கையில பிடிக்காம பேசிக்கிட்டு, இன்னொரு நாளு ஆரஞ்சு ஜூஸ்ல ஓட்கா கலந்து குடுத்து 100 மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறின பிறகு. 80ங்கறது அப்ப அமெரிக்காவுல சட்டப்படி எல்லை. நம்ம ஊரு சட்டத்துல எல்லை 30தான், அப்படின்னா நம்ம போலீஸ் புடிச்சா ரெண்டரை மடங்குக்கும் மேல போதையில இருக்கற ஆளு அது. இதுல இன்னொண்ணையும் கவனிக்கணும், வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே கால் போட்டுக் குடுத்துட்டாங்க, அதனால நம்பர் தேடறது, பட்டன் அமுக்கறது இதெல்லாம் கணக்குலயே இல்ல. பேச்சு மட்டும்தான்.

குடிச்சவங்க முன்னாடி வண்டிய ஒட்டிக்கிட்டே போனாங்க, கடைசி நேரத்துல பிரேக்க ஓங்கி மிதிச்சாங்க, சாதாரணத்த விட 23 சதவீதம் அதிக அழுத்தம். முரட்டுத்தனமா ஓட்டினாங்கன்னு சொல்லலாம். போன் பேசினவங்க வேற மாதிரி. பிரேக்குக்கு கால் போறது 9 சதவீதம் லேட், முன்னாடி வண்டிக்கும் தனக்கும் இருக்கற தூரம் ஒரு நிலையில இல்லாம கூடிக் கூடிக் குறையறது 24 சதவீதம் அதிகம், பிரேக் போட்டப்பறம் பழைய வேகத்துக்கு வர்றது 19 சதவீதம் லேட். மொத்தத்துல மூணு பேரு முன்னாடி காரு மேல மோதினாங்க. மூணு பேருமே போன் பேசிக்கிட்டிருந்தவங்க, போதையில இருந்தப்ப ஒருத்தரும் மோதல.

மூணுங்கறது சின்ன நம்பர், அத வெச்சு பெருசா கூவக்கூடாது. குடிச்சவங்க நல்லாத் தூங்கி எழுந்து, ஒரு ரூமுக்குள்ள சிமுலேட்டர்ல ஓட்டினவங்க, நிஜத்துல குடிச்சிட்டு ஓட்டறவன் ராத்திரியில, அரைத்தூக்கத்துல, 80ஐத் தாண்டி எங்கயோ போயி நிப்பான். ஆல்கஹால் ஏற ஏற ஆபத்து கூடிக்கிட்டே போகும், முழு போதையில இருக்கறவன் கூட போன் பேசறவன சமமா வெக்கறது சரியில்ல. இந்த ஆராய்ச்சிய வெச்சு "அப்ப குடிச்சிட்டு ஓட்டறது பரவால்லயா"ன்னு கேக்கறவங்களும் உண்டு, அத யாரும் சொல்லல. சட்டம் போடற கோட்டுக்கிட்ட நிக்கற போதைக்கும் ஒரு சாதாரண போன் பேச்சுக்கும் தட்டு கிட்டத்தட்ட சமமா நிக்குதுங்கறது மட்டும்தான் அதுல இருக்கு. அந்த யூட்டா மாநிலமே பிற்பாடு 2018 டிசம்பர் 30லருந்து எல்லைய 80லருந்து 50க்குக் குறைச்சிடுச்சு, அமெரிக்காவுல முதல்ல அப்படிச் செஞ்ச மாநிலம் அதுதான்.

எனக்கு அதுல தூக்கி வாரிப் போட்டது வேற. கையில பிடிச்சுப் பேசினவங்களுக்கும் ஹேண்ட்ஸ் ஃப்ரீல பேசினவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. ரெண்டும் ஒரே அளவு மோசம். இதுக்கு முன்னாடியே கனடாவுல டொரோன்டோவுல ரெடல்மையர், டிப்ஷிரானின்னு ரெண்டு பேரு 1997ல ஒண்ணு வெளியிட்டிருந்தாங்க. ஆக்ஸிடென்ட் ஆன 699 டிரைவருங்களோட போன் பில்ல எடுத்து, 26,798 காலையும் ஒவ்வொண்ணா ஆக்ஸிடென்ட் நேரத்தோட பொருத்திப் பாத்திருக்காங்க. போன்ல இருக்கறப்ப மோதற ஆபத்து கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதுலயும் ஹேண்ட்ஸ் ஃப்ரீ ஆளுங்களுக்குன்னு எந்த சலுகையும் தெரியல. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல ஆஸ்பத்திரிக்கு வந்த டிரைவருங்கள வெச்சு 2005ல பாத்ததுலயும் அதே நாலு மடங்கு, அதே முடிவு. மூணு ஊரு, மூணு வழி, ஒரே பதில்.

கை பிரச்சனை இல்லன்னா அப்ப எது பிரச்சனை? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல 2008ல 29 பேர எம்.ஆர்.ஐ மிஷினுக்குள்ள படுக்க வெச்சு, வளைவு வளைவா போற ரோட்டுல வண்டி ஓட்டற மாதிரி ஒரு வேலையக் குடுத்துட்டு, காதுல வாக்கியங்களப் போட்டு சரியா தப்பான்னு மட்டும் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. பேசக்கூட வேண்டாம், கேட்டா போதும். அதுக்கே மூளையில எடம், தூரம், தெசை பாக்கற பகுதியோட வேலை 37 சதவீதம் கொறஞ்சிருச்சு. இத படிச்சப்ப எனக்கு ஒரு பயணம் ஞாபகம் வந்துச்சு.

ஒரு எஃப்.சி வேலைக்காக எங்க வண்டியிலயே சேலம் வரைக்கும் போனேன். ஓட்டினவரு எங்ககிட்ட ரொம்ப வருஷமா இருக்கறவரு, அப்பா வயசு, என்ன அம்மிணின்னுதான் கூப்பிடுவாரு, நான் மாமான்னு கூப்பிடுவேன். பீடி சிகரெட்டு குடி எதுவும் கிடையாது, டேஷ்போர்டுல முருகன் படத்துக்கு தெனம் பூ வெப்பாரு, லைசென்ஸ்ல ஒரு கறை கிடையாது. கெளம்பினதுலருந்து பாத்துக்கிட்டே வந்தேன், அவரு கண்ணு சும்மாவே இருக்காது. வலது கண்ணாடி, முன்னாடி, இடது கண்ணாடி, மீட்டர், திரும்ப முன்னாடி. இடது பக்கம் டிவிஎஸ் ஃபிஃப்டி, சைக்கிள், ஆடு எது வந்தாலும் வர்றதுக்கு முன்னாடியே கால் ஆக்சிலேட்டர்லருந்து எறங்கிடும். வைகுந்தம் டோலு தாண்டினப்பறம் அவருக்கு ஒரு கால் வந்துச்சு, கழுத்துல மாட்டற ப்ளூடூத் இயர்போன், நெக்பேண்ட், மாட்டியிருந்தாரு, ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான். மகளுக்கு காலேஜ் ஃபீஸ் விஷயம். பேச ஆரம்பிச்சதும் கண்ணாடி பாக்கறது நின்னுபோச்சு. கண்ணு ரோட்டுலதான் இருக்கு, நேரா, அசையாம. வண்டி அம்பதுலருந்து நாப்பதுக்கு வந்துடுச்சு, கியர் மாத்தல, இஞ்சின் முனகுது, அவருக்குத் தெரியல. ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்கவிட்ட டிவிஎஸ் ஒண்ணு வலது பக்கமா வந்து, எங்களத் தாண்டி, குறுக்க வெட்டி சர்வீஸ் ரோட்டுக்கு எறங்குச்சு. எனக்கு நெஞ்சு தொண்டைக்கு வந்துடுச்சு, கேபினோட கம்பிய இறுக்கிப் புடிச்சேன். அவரு பிரேக்கத் தொடவே இல்ல.

கால் கட் ஆனப்பறம் "மாமா, அந்த பால்காரனப் பாத்தீங்களா"ன்னு கேட்டேன். "எந்தப் பால்காரன் அம்மிணி?"ன்னாரு. நடிப்பு இல்ல, அவருக்கு நெஜமாவே தெரியல. அந்த வண்டி அவரு கண்ணு முன்னாடிதான் போச்சு, அவரு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டுதான் இருந்தாரு.

ஸ்ட்ரேயர் குழு 2003லயே இதத் தனியா ஆராய்ஞ்சு வெச்சிருக்காங்க. போன் பேசிக்கிட்டே ஓட்டறவங்களோட கண்ணு எங்க நிக்குதுன்னு கருவி வெச்சு அளந்து, அப்பறம் ஓட்டற வழியில இருந்த பொருளெல்லாம் ஞாபகம் இருக்கான்னு கேட்டப்ப, கண்ணு நேரா நின்னு பாத்த பொருளே பலதும் மண்டையில ஏறாம போயிருந்துச்சு. குடிச்சவனுக்கு தான் கொஞ்சம் தள்ளாடறோம்னு ஒரு சந்தேகமாச்சும் வரும், இவங்களுக்கு எதத் தவறவிட்டோம்னே தெரியாததால தான் நல்லா ஓட்டறதாவே நம்பிக்கிட்டிருப்பாங்க. "நான் இருபது வருஷமா பேசிக்கிட்டேதான் ஓட்டறேன், ஒரு கீறல் கிடையாது"ன்னு சொல்ற ஒவ்வொருத்தரும் பொய் சொல்லல. அவங்க பாக்காத பால்காரன் அவனா பாத்து ஒதுங்கிப் போயிருப்பான், அவ்வளவுதான். ரெண்டு வேலையையும் ஒரு கொறையும் இல்லாம செய்யற ஆளுங்களும் இருக்காங்களான்னு 2010ல 200 பேர வெச்சு யூட்டாவுலயே தேடினாங்க, இருக்காங்க, ஆனா ரெண்டரை சதவீதம் பேருதான். நூத்துல ரெண்டு மூணு. அதுல தான் ஒருத்தர்னு நெனைக்கறவங்கதான் மீதி தொண்ணூத்தி ஏழுல பாதிக்கு மேல இருப்பாங்கன்னு தோணுது எனக்கு.

பக்கத்து சீட்டுல இருக்கறவங்ககிட்ட பேசறதும் பேச்சுதானன்னு என் தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அதையும் பாத்திருக்காங்க, 2008ல. சிமுலேட்டர் ஹைவேயில போயி குறிப்பிட்ட எடத்துல எறங்கி ரெஸ்ட் ஏரியாவுக்குள்ள போகணும்னு சொல்லி விட்டப்ப, போன்ல பேசிக்கிட்டே ஓட்டினவங்கள்ல பாதிப்பேரு எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டுப் போயிட்டாங்க, பக்கத்துல ஆளு உக்காந்து பேசினப்ப பெரும்பாலும் சரியா எறங்கிட்டாங்க. காரணம் ரொம்ப சிம்பிள், பக்கத்துல இருக்கறவருக்கும் அதே கண்ணாடிதான். ரோட்டுல கூட்டம் வந்தா அவரே பேச்ச நிறுத்துவாரு, "ஏங்க எறங்கற எடம் வந்துருச்சு"ன்னு சொல்லுவாரு. போன்ல இருக்கறவருக்கு டிரைவரு முன்னாடி லாரி பிரேக் போடறது தெரியாது, அவரு பாட்டுக்கு ஃபீஸப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. பழைய காலத்து லாரியில ஒரு கிளீனர் இருப்பான், இடது பக்கம் எட்டிப் பாத்து "வரட்டும் வரட்டும்"னு கதவத் தட்டுவான், டிரைவரு கண் அசந்தா பேச்சு குடுப்பான். இப்ப முக்காவாசி வண்டியில கிளீனர் கிடையாது, சம்பளம் கட்டுப்படியாகல, ஆளும் கெடைக்கறதில்ல. ஒத்த ஆளு, ராத்திரி, அந்த கேபினுக்குள்ள போன்தான் தொணை.

டிரைவருங்க சொல்றதுல ஒரு உண்மை இருக்கு, அத மறைச்சிட்டு எழுதினா நான் நேர்மையில்லாதவ. "அம்மிணி, விடியக்காலம் மூணு மணிக்கு பேச்சு இல்லன்னா கண்ணு சொருகிடும், பேசறதாலதான் உயிரோட வர்றோம்"னு சொல்லுவாங்க. அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல லாரி டிரைவருங்க கேபின்ல கேமரா மாட்டி, நெஜ ரோட்டுல நெஜ ஓட்டத்தப் படம்புடிச்சு 2009ல வெளியிட்டதுல, ஹேண்ட்ஸ் ஃப்ரீல பேசறதால மட்டும் ஆபத்து கூடினதாத் தெரியல. சிமுலேட்டர்ல வந்த பதிலுக்கும் இதுக்கும் ஒத்துப்போகல, அந்த வாதம் இன்னும் முடியல. ஆனா அதே கேமராவுல மெசேஜ் டைப் பண்ற விஷயம் பயங்கரமா மாட்டுச்சு: ஆபத்து 23 மடங்கு. மெசேஜ் அடிக்கறப்ப 6 செகண்டுல 4.6 செகண்டு கண்ணு ரோட்டுலயே இல்ல. 80 கிலோமீட்டர் வேகத்துல அது நூறு மீட்டருக்கு மேல, லோடு ஏத்தின ட்ரெய்லரு நூறு மீட்டர் கண்ண மூடிக்கிட்டு போற மாதிரி. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான், பேச்சு இல்ல, தொப்பூர் எறக்கத்துல மூணு மணிக்கு ஒருத்தரு பேசினாதான் முழிச்சிருக்க முடியும்னா அவரு அந்த நேரத்துல ஓரங்கட்டிப் படுத்திருக்கணும், அப்படிப் படுக்க முடியாதபடி டைம் குடுத்தது டிரைவரு இல்ல.

இங்கதான் நான் சொல்ல வந்தது இருக்கு. வண்டி ஓட்டறவனுக்கு போன் எங்கருந்து வருது? யாராச்சும் கூப்பிட்டாதான வருது.

எங்க தொழில்ல ஒரு லோடு ஏறினா டிரைவரு நம்பர் குறைஞ்சது நாலு பேரு கைக்குப் போகும். ஏத்தின பார்ட்டி, எறக்கற பார்ட்டி, புக்கிங் ஏஜென்ட், ஓனர். அதுக்கு மேல வீடு. சரக்கோட போற ஜிஎஸ்டி சீட்டு, இ-வே பில்லு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும், வண்டி லேட்டானா அத நீட்டிக்கணும், அதனால எல்லாரும் பதறுவாங்க. "எங்க வர்ற?" "எப்ப வருவ?" "லஞ்சுக்குள்ள வந்துருவியா, எறக்கற ஆளுங்க வெயிட் பண்றாங்க." போன எடுத்ததும் டிரைவரு சொல்றது "வண்டி ஓட்டிட்டுதான் இருக்கேன், பரவால்ல சொல்லுங்க". நாமளும் சொல்றோம். அந்த "பரவால்ல"ங்கறத குடுக்க வேண்டியது அவரு இல்ல, அவரோட ரோட்டுல போற பால்காரன், அவனக் கேக்கவே இல்ல யாரும்.

இத்தனைக்கும் அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் ஆபீஸ்லயே கெடக்கு. வண்டியில ஜிபிஎஸ் இருக்கு, மேப்புல புள்ளி நகருது. ஒவ்வொரு டோலு தாண்டறப்பயும் ஃபாஸ்டேக் மெசேஜ் என் போனுக்கு வந்துடும், விஜயமங்கலம் தாண்டியாச்சுன்னா மணி பாத்து அவிநாசிக்கு எப்ப வருவாங்கன்னு நானே சொல்லிடுவேன். ஓடற வண்டியக் கூப்பிட்டுக் கேக்க வேண்டிய தகவல்னு ஒண்ணும் கிடையாது. கேக்கறது பழக்கம், கேட்டுட்டா மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். அந்த நிம்மதிக்கு வெலைய ரோட்டுல இருக்கறவங்க குடுக்கறாங்க.

சட்டம் இந்த எடத்தப் பாக்கவே இல்லன்னு எனக்குத் தோணுது. குடிச்சிட்டு ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்பறம் முதல் தடவைக்கே 10,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, ரெண்டும் சேந்தும் வரலாம். போனு 184வது பிரிவுல வருது, அதுவும் கையில பிடிச்சிருக்கற போனுக்கு மட்டும். தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல வந்த புது அபராதத்துல போனுக்கு முதல் தடவை 1,000, திரும்ப மாட்டினா 10,000. 2020 அக்டோபர்லருந்து வழி பாக்கறதுக்கு மட்டும் போன் வெச்சுக்கலாம்னு விதியும் வந்துச்சு, ஸ்டேண்டுல மேப் பாக்க மாட்டின போன்லதான் ராத்திரி வீடியோவும் ஓடுதுங்கறது ரோட்டுல போறவங்க எல்லாருக்கும் தெரியும். நெக்பேண்ட் மாட்டிக்கிட்டா போலீஸ் கண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. மூணு ஊருல அளந்து கை பிரச்சனையே இல்லன்னு சொன்னப்பறமும் நம்ம சட்டம் கையையேதான் பாத்துக்கிட்டு நிக்குது. டூ வீலர்ல ஹெல்மெட்டுக்குள்ள போன சொருகிக்கிட்டுப் போறாங்களே, அது கையில பிடிச்சதா இல்லையான்னு ரோட்டோரத்துல நின்னு வாதாடறதுல என்ன பிரயோஜனம்.

2022க்கான மத்திய அரசு அறிக்கையில குடி, போதையால 10,080 விபத்து, 4,201 சாவுன்னு இருக்கு. போனால 7,558 விபத்து, 3,395 சாவு. மொத்த சாவு 1,68,491. விபத்து எண்ணிக்கையில நம்ம மாநிலம்தான் முதலிடம், 64,105. இந்த போன் கணக்கு ரொம்பக் கம்மியா வந்திருக்குன்னுதான் நான் நெனைக்கறேன், ஏன்னா குடிச்சிருந்தா ஊதச் சொன்னா தெரிஞ்சிடும், ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடும், போன் பேசினது எதுல தெரியும்? எஃப்.ஐ.ஆர்ல "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்"னு ஒரு வரி எழுதிட்டா எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். கால் ரெக்கார்டு எடுத்தா நிமிஷக் கணக்கா தெரியும், டொரோன்டோவுல 1997லயே அதத்தான் செஞ்சாங்க. பெரிய விபத்துக்காச்சும் அத வழக்கமா எடுத்துப் பாக்கணும்னு ஒரு நடைமுறை வந்தா, எத்தனை "வேகம்" உள்ளுக்குள்ள போன் பேச்சுன்னு வெளிய வரும்.

அதே 2022 அக்டோபர்ல சென்னை டிராஃபிக் போலீஸ் இன்னொண்ணு பண்ணாங்க. குடிச்சிட்டு ஓட்டறவன் வண்டியில தெரிஞ்சே ஏறி உக்காந்திருக்கறவங்களுக்கும், அவங்க ஒரு சொட்டு குடிக்கலன்னாலும், அபராதம்னு அறிவிச்சாங்க. குத்தத்துக்கு ஒடந்தைன்னு. அப்ப நெறைய பேரு "இதென்ன அநியாயம்"னு கத்தினாங்க, எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு. தடுக்கற எடத்துல இருந்துக்கிட்டு தடுக்காம கூட போறது ஒடந்தைதான். அப்படின்னா "ஓட்டிட்டுதான் இருக்கேன்"னு காதுல கேட்டப்பறமும் பேச்ச நிறுத்தாதவங்க யாரு? பின்சீட்டுல சும்மா உக்காந்திருக்கறவன விட இவங்க பொறுப்பு அதிகம், ஏன்னா போதைய ஊத்திக் குடுக்கற கை இவங்களோடது. குடிச்சவனுக்கு ஏறினது எறங்க மணிக்கணக்காகும், யாரு நெனச்சாலும் சட்டுனு தெளிய வெக்க முடியாது. போன்ல பேசறவன தெளிய வெக்க இந்தப் பக்கம் இருக்கறவங்களால முடியும், வெச்சிடறேன்னு சொல்லி வெச்சா போதும். வெச்ச அடுத்த நொடியே முழுசாத் தெளிஞ்சிடாது, வண்டியில இருக்கற வாய்ஸ் கமாண்டு சிஸ்டத்துகிட்ட பேசி முடிச்சப்பறமும் கவனம் திரும்பி வர 27 செகண்டு வரைக்கும் ஆகுதுன்னு ஸ்ட்ரேயர் 2015ல அளந்திருக்காரு, ஆனா அரை நிமிஷம்தான, விடிய விடியக் காத்திருக்க வேண்டியதில்ல.

குடிச்சிட்டு ஓட்டறது அசிங்கம்னு எல்லா ஊருலயும் முதல்லருந்தே இருக்கல. இங்கிலாந்துல 1967ல பார்பரா காசில் மந்திரியா இருந்தப்ப ஊதச் சொல்ற சட்டம் வந்தப்ப, குடும்பஸ்தன் ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டு வீட்டுக்குப் போறதுல என்ன தப்புன்னு சண்டைக்கு வந்தவங்க உண்டு, காசிலுக்கு கொலை மெரட்டல் கூட வந்துச்சு. சாவு குறைஞ்சுது, மனசும் மாறுச்சு. அமெரிக்காவுல 1980ல மகளப் பறிகுடுத்த ஒரு அம்மா, கேண்டி லைட்னர், ஆரம்பிச்ச இயக்கம்தான் அங்க பேச்சையே மாத்துச்சு. சட்டம் பாதி வேலை செஞ்சுது, சாவியப் புடுங்கற நாலு பேரு மீதிப் பாதி. போனுக்கு அந்த நாலு பேரு இன்னும் வரல, வந்தா அவங்க ரோட்டுல நிக்க மாட்டாங்க, போனுக்கு இந்தப் பக்கம்தான் இருப்பாங்க.

எங்க ஆபீஸ்ல இப்ப ஓடற வண்டிக்கு கால் போடறதில்ல. டிரைவரு டீக்கு நிறுத்தினா, டீசல் போட நிறுத்தினா, அவரே கூப்பிடணும். ஆரம்பத்துல "ஏங்க, என்ன மறந்துட்டீங்களா, கோவமா"ன்னு ஒருத்தரு கேட்டாரு, கூப்பிடாம இருக்கறதும் ஒரு மரியாதைதான்னு புரிய வெக்க கொஞ்ச நாளாச்சு. டிரைவரு வீட்டம்மாக்கள் கிட்டயும் தனியாப் பேசினேன், அவங்க ரொம்ப சீக்கிரம் புரிஞ்சிக்கிட்டாங்க, புள்ளைக்குக் காச்சல்னா ஆபீஸுக்குக் கூப்பிடுங்க, அடுத்த ஹால்ட்ல நான் சொல்றேன்னு ஏற்பாடு. ஜிபிஎஸ்ல வண்டி நிக்குதான்னு பாத்துட்டு அப்பறம்தான் நான் கூப்பிடறது. ராத்திரி ரெண்டுலருந்து அஞ்சு வரைக்கும் எந்த வண்டியும் ஓட வேண்டாம்னு தம்பி சொல்றான், அதுக்கு டெலிவரி டைம மாத்தணும், அது வாடகையில கை வெக்கும், அதுல இன்னும் முடிவுக்கு வரல நாங்க.

பார்ட்டிங்கதான் கஷ்டம். இப்பல்லாம் டிரைவரு நம்பருக்குப் பதிலா ஆபீஸ் நம்பர்தான் குடுக்கறோம், எந்நேரமும் யாராச்சும் எடுப்போம், வண்டி எங்க இருக்குன்னு லிங்க்கும் அனுப்பறோம். பழைய பார்ட்டிங்க பலரும் ஒத்துக்கிட்டாங்க. ஒரு பெரிய கம்பெனி மட்டும் லோடு ஏத்தறப்பவே கேட்டுல டிரைவரு நம்பர எழுதி வாங்கிட்டுதான் வண்டிய உள்ள விடுது, அப்பறம் வழி பூரா அவங்க கண்ட்ரோல் ரூம்லருந்து கால், எடுக்கலன்னா எங்களுக்கு மெயிலு, பில்லுல புடிச்சுக்குவோம்னு. அவங்களுக்கு நான் இந்த யூட்டா விஷயத்தையும் டொரோன்டோ விஷயத்தையும் ஒரு பக்கத்துக்குள்ள எழுதி, ஓடற வண்டிய நீங்க கூப்பிடக்கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே ஒரு வரி சேக்கணும்னு கேட்டிருக்கேன். அவங்க சேஃப்டி டிபார்ட்மென்ட் ஆளு ஒருத்தரு நல்ல விதமாப் பேசினாரு, மேல கேட்டுட்டு சொல்றேன்னாரு. அடுத்த மாசம் அந்த அக்ரிமென்ட் புதுப்பிக்கணும். அந்த வரி இல்லாம கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு வீட்டுல பேசிக்கிட்டிருக்கோம், அப்பா போடாதன்னுதான் சொல்றாரு.